மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு பைலட்டும்

திண்டிவனத்தில் லூர்துநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘பைலட் சார்’ என்று கேட்டால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பைலட் சார் தன் ஆயுளில் ஒரு நாள்கூட விமானத்தில் பறந்தது கிடையாது. இது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. ஆண்டவர் வாயைத் திறக்கவில்லை. லூர்துநாதன் திறந்தார், திறந்தபோதெல்லாம் பொய்தான் வந்தது.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் அவர் லஸ்கர். நிற்கும் விமானம் உருண்டு போகாமல் சக்கரத்துக்குக் கட்டை போடுவார், கிளம்பும்போது எடுப்பார். முப்பத்திரண்டு வருஷம் இதே உத்தியோகம். பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்ள பிளேன் ஓட்றாரா?” என்று மாமனார் கேட்டார். லூர்துநாதன் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அமல்ராணி கழுத்தை நீட்டினாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு மட்டும் போதவில்லை. வாரம் முழுக்கத் தாம்பரம், ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் என்று போய்வந்துகொண்டிருந்தவர், ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு புயலைத் தாண்டினார். ஓய்வு பெறுவதற்குள், என்ஜின் நின்றுபோன விமானத்தைக் காணை கிராமத்துப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் இறக்கியும் விட்டார். கரும்புக்காரர் யார் என்று எவரும் கேட்கவில்லை. பொய் சொல்பவனுக்கு ஊர் செய்கிற பெரிய உபகாரம் அதுதான்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு அந்தாண்டை ஒரு பாலிடெக்னிக் விமான அருங்காட்சியகம் தொடங்கியபோதுதான் வினை வந்தது. பழைய விமானங்கள் மூன்று வந்திறங்கின. மூக்கு மட்டும் மிஞ்சிய ஒரு மிக்-21, வயலுக்கு மருந்து தெளித்த ‘பசந்த்’, விமானப்படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பறக்கப் பழகிய ‘தீபக்’. பாலிடெக்னிக்கின் தாளாளர் பிரபாவதி வீடு தேடியே வந்துவிட்டார்.

“ஓட்டுன நீங்களே சுத்திக் காட்டுனா நல்லா இருக்கும் சார். மாட்டேன்னு சொல்லிடாதீங்க.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் அமல்ராணி காபி டம்ளரோடு பூரித்துப்போய் நின்றாள். அவள் முகத்துக்கு முன்னால் அவர் என்றைக்கு உண்மை பேசினார், அன்றைக்குப் பேச?

திறப்பு விழாவுக்கு அவள், சர்ச்சில் தன்னோடு ஜெபம் சொல்லும் அன்பியத்துப் பெண்கள் பதினாலு பேரை வேன் பிடித்து அழைத்து வந்திருந்தாள். சர்ச் சாமியார் தீபக்குக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அத்தோடு விட்டிருந்தால் புண்ணியம். புது வண்டி எடுத்தால் செய்கிற மாதிரி இதற்கும் செய்ய வேண்டும் என்றார் பிரபாவதி. மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கட்டைகளை எடுத்துப் புல்லில் போட்டார்கள்.

“பசங்க தள்ளுவாங்க. நீங்க உள்ள உக்காந்துக்கினு, பழம் நசுங்குனதும் பிரேக் புடிச்சிடுங்க சார்.”

பிரேக் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல இரண்டு நொடி கிடைத்தது. அந்த இரண்டு நொடியையும் பதினாலு பெண்களுக்குக் கை காட்டுவதில் செலவழித்துவிட்டு, இறக்கைமேல் ஏறி உள்ளே உட்கார்ந்தார்.

தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. கைத்தட்டல் எழுந்தது. விமானம் நிற்கவில்லை. திடல், கூட்டம் உட்கார்ந்திருந்த பந்தல் பக்கமாகச் சரிந்திருந்தது. அந்தச் சரிவில் தீபக் நிதானமாக இறங்க ஆரம்பித்தது. லூர்துநாதன் காலடியில் இருந்த இரண்டு பெடல்களையும் மாற்றி மாற்றி மிதித்தார். பின்னால் வால் இப்படியும் அப்படியும் ஆடியது. ஏதோ வித்தை காட்டுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். எதிரே முதல் வரிசையில், எழுந்து நகரத் தோன்றாமல், அமல்ராணி பெருமையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் பைலட் செத்துப்போனான். இறக்கையிலிருந்து குதித்தது லஸ்கர். கணுக்கால் பிசகியது. புல்லில் கிடந்த கட்டையை அள்ளிக்கொண்டு ஓடினார். முன்னால் போய் நிற்காமல், பக்கவாட்டில் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி உள்ளங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். தீபக் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அமல்ராணியின் நாற்காலிக்கும் அதற்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை.

“எப்டி சார்! பைலட்டுன்னா பைலட்டுதான்!” என்று ஓடிவந்தார் பிரபாவதி.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக் கதை தானாகவே தயாராகி நின்றது. ஆனால் அவர் கண் அந்த நாலு முழ இடைவெளியிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

“பைலட் இல்லீங்க. கட்ட போடுறவன். முப்பத்திரண்டு வருசமா இதான் பண்ணேன். பிரேக் எங்க இருக்குன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.”

அன்பியத்துப் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமல்ராணி சிரிக்கவில்லை. எழுந்து அவரிடம் வந்தாள்.

“அப்போ மேல போனதே இல்லியா?”

“இல்ல.”

“ஒரு தபாகூட?”

“இல்ல, அமலு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“மழ பேஞ்சா, காத்தடிச்சா, எழுந்து முட்டி போட்டுக்கினு ஜெபமால சொல்வேங்க. என் ஊட்டுக்காரரு மேல இருக்காரு மாதாவே, பத்திரமா எறக்கி உடுன்னு. உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அப்போல்லாம் நீங்க எங்கதான் இருந்தீங்க?”

மழையென்றால் பயிற்சி விமானம் எதுவும் கிளம்பாது. சக்கரத்துக்குக் கட்டையைப் போட்டுவிட்டு அறைக்கு வந்துவிடலாம். அந்த நாட்களுக்காக அவர் ஏங்கியே இருந்திருக்கிறார். டூட்டியில் இருந்தேன், நனைந்துகொண்டே நின்றேன் என்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

“இழுத்துப் போத்திக்கினு தூங்கினேன்” என்றார்.