எண்பத்தொன்பது நாள் எதிரொலி

காடைமலையில் எதிரொலி கொடுப்பதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள். நிரந்தர ஊழியரான ஸ்டெல்லா மேடம் பிரசவ விடுப்பில் போனதால், எண்பத்தொன்பது நாளைக்குத் தற்காலிகமாகச் செண்பகவல்லியை எடுத்தார்கள்.

அதற்கு முன்பு அவள் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தாள். ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள்; அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அப்பா குருசாமி முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவரையும் எழுப்பி இறக்கிவிடும் குரல் அவருக்கு. "பொண்ணு என்ன பண்ணுது?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்ததும் அந்தக் குரல் இறங்கிப்போனது. மகளைக் கூப்பிடுவதென்றால்கூடப் பக்கத்தில் வந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் கூப்பிடுவார். வேலை இல்லாததைவிட அதுதான் செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவள், கறிவேப்பிலை வாங்கப் போனாலும் கழற்றவில்லை. ஏன் கழற்ற வேண்டும்?

மலையடிவாரத்தில் அலுவலகம். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, தொண்டைக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர். மேலே யாராவது கத்தினால் மூன்று முறை திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு முறையும் குரல் குறைய வேண்டும். மூன்றாவது, கத்தியவருக்கே சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால் போதும்.

முதல் நாள் புதுமணத் தம்பதி ஒன்று மேலே நின்று "ஓஹோ" என்றது. செண்பகவல்லி முறையாக மூன்று முறை கொடுத்துவிட்டு, பழைய வேலையின் பழக்கத்தில், "வேற ஏதாவது உதவி வேணுமாங்க?" என்று கேட்டுவிட்டாள். மேலே கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"இல்லைங்க, அவ்வளவுதான்."

அதையும் மூன்று முறை திருப்பிக் கொடுத்தாள்.

கண்காணிப்பாளர் அருள்தாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதிரொலி கேள்வி கேக்கக் கூடாதும்மா. இன்னொரு தப்பு நடந்தா அன்னைக்கே வேற ஆளைப் போட்டுருவேன்."

அதன் பிறகு அவளிடம் ஒரு குறை சொல்ல முடியவில்லை. கல்லூரிப் பையன்கள் கெட்ட வார்த்தை கத்தினாலும் முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். உத்தியோகம் என்று வந்துவிட்டால் அப்படித்தான். அவள் தரும் எதிரொலி காதுக்கு இதமாக இருக்கிறதென்று பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து கத்தினார்கள்.

எண்பத்தொன்பதாம் நாள் குருசாமி மலையேறினார். சலவைச் சட்டை போட்டிருந்தார். உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கைகளை வாயருகே குவித்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"செண்பகவல்லீ!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். செண்பகவல்லி பிளாஸ்க்கைத் திறந்தாள். வெந்நீர் குடித்தாள். பிறகு தன் பெயரை மூன்று முறையும் முழுசாகக் கொடுத்தாள். ஒரு துளிகூடக் குறைக்கவில்லை.

அருள்தாஸ் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் எழுதினாள்: "அந்தக் குரல் இரண்டு வருஷமாகக் குறைந்தே கிடந்தது. இனியும் குறைக்க அதில் இடமில்லை."

அவர் இரண்டு தடவை படித்தார். "இடமில்லைன்னா என்ன பண்றது? சரிதான்" என்று கோப்பில் சேர்த்தார். தொடர்ந்து தொண்ணூறு நாள் ஆகிவிடக் கூடாது என்ற விதிப்படி ஒரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி எண்பத்தொன்பது நாளுக்கு உத்தரவும் போட்டார்.

அந்த இடைவெளி நாளில் காலை ஒன்பதரை மணிக்குக் காடைமலை தானாகவே கத்தியது.

"செண்பகவல்லீ!"

தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பணியில் இல்லாததால் அவள் பதில் கொடுக்க முடியாது. குருசாமி வாசலுக்கு வந்து, அடிவயிற்றிலிருந்து மூன்று முறை மகள் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். மலை புறப்பட்டு வந்து அவர்கள் தெருமுனையில் நின்றது.

"என் மக இன்னைக்கு லீவு. நாளைக்கு இதே நேரத்துக்கு வா" என்றார் குருசாமி. சட்டைப்பையிலிருந்து பழைய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

"ரைட், போலாம்!"

மலை கிளம்பியது.