சின்னராசு உள்ளே வந்தார்

சுசித்ராவுக்குப் போன் விளையாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாம் என்று மலைமேல் இருக்கிற வளப்பூர் நாட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே! மிளகு பறித்து, மரவள்ளிக்குக் களை வெட்டி, மாமியாருக்கும் சேர்த்துப் பொங்கி வைத்துவிட்டு ஒருத்தி சாயங்காலம் கொஞ்ச நேரம் போனைத் தட்டினால் யார் வீட்டுக் கூரை பறந்துவிடப் போகிறது? அவள் தனியாகவும் தட்டவில்லை. கட்டின புருஷன் சின்னராசு பக்கத்தில் உட்கார்ந்து தன் போனைத் தட்டிக்கொண்டிருப்பான். கல்யாணமான புதிதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்ட காலத்தில், அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இந்த விளையாட்டில்தான் நடந்தது.

விளையாட்டின் பெயர் மேளக்கட்டு. திரையில் நான்கு தடம். மேலேயிருந்து பொட்டுப் பொட்டாக வெளிச்சம் இறங்கும். அது அடிக்கோட்டைத் தொடும் நேரம் பார்த்துத் தட்டினால் மேளம் பேசும், முந்தினாலும் பிந்தினாலும் பேசாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு செட்டுக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு தடமாக, அவரவர் ஊரிலிருந்தே அடிக்கலாம். நான்கு பேருக்கும் சேர்த்து உயிர் ஒன்றுதான். ஒருத்தர் சொதப்பினால் எல்லாருக்கும் குறையும்.

இவர்கள் செட்டில் புருஷனும் பெண்டாட்டியும் போக இன்னும் இரண்டு பேர். சேந்தமங்கலத்தில் செல்போன் கடையில் ரிப்பேர் பார்க்கிற ஜீவா. ஆலத்தூர் நாட்டில் பலாப்பழ வண்டி ஓட்டுகிற பூபதி. இரண்டு பேரும் சின்னராசு படித்த பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு இரண்டு வகுப்புப் பின்னால் படித்தவர்கள். மற்ற மூன்று பேரும் தலைகீழாக நின்றாலும் சின்னராசுவின் கைக்கு வராது. அவன் நான்காவது தடம். திரையைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவர்களிடம் வம்பு பேசிக்கொண்டே தட்டுவான், ஒரு பொட்டு தவறாது.

அப்படிப்பட்ட கை, ஐப்பசி மழையில் பைக்கின் பிரேக்கைப் பிடித்தும் பிரயோசனமில்லாமல் போயிற்று. கொண்டை ஊசி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தவனை மேலே தூக்கி வந்தபோது மூச்சில்லை. சுசித்ராவுக்கு அப்போது நாலாம் மாசம். அவள் அழவில்லை. கல்லைப் போல உட்கார்ந்திருந்தாள். குழிக்குள் இறக்கும்போது மாமியார் பாவாயிதான் ஓடிப்போய், கண்ணாடி நொறுங்கிக் கிடந்த அவன் போனைச் சட்டைப் பையில் செருகினாள். "எம் மவன் கைய உட்டுப் பிரியாதது சாமி, அவனோடயே போவட்டும்" என்றாள்.

கருமாதி முடிந்து ஊர் சனம் கலைந்துபோன பிறகு ஒரு சாயங்காலம், கை சும்மா இருக்க மாட்டாமல் சுசித்ரா மேளக்கட்டைத் திறந்தாள். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். அவள் வந்ததைப் பார்த்துவிட்டு ஜீவாவும் பூபதியும் செட்டுக்குள் வந்தார்கள். பாவம், அவர்களுக்கும் யாரிடம் போய்ச் சொல்லி அழுவதென்று தெரியவில்லை. மூன்று பேராகவே ஒரு பாட்டை ஆரம்பிக்கலாம் என்று அவள் விரலைக் கொண்டுபோன நேரத்தில் திரையில் எழுத்து வந்தது.

'சின்னராசு உள்ளே வந்தார்.'

அவள் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். போனைக் கீழே போடவும் தோன்றவில்லை. பாட்டு தொடங்கிவிட்டது. நான்காவது தடத்தில் பொட்டுகள் இறங்கின, ஒன்று விடாமல் மேளம் பேசியது. அந்த அடியைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மனுஷனின் நடையைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி.

பாட்டு முடிந்ததும் ஜீவா போன் போட்டான். "யக்கா, எவனோ அண்ணனோட பாஸ்வேர்டத் திருடியிருக்கான். நான் பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க."

அவனும் பார்த்தான். கடைக்காரனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். 'யார்ரா நீ?' என்று எழுதிப் போட்டான், பதில் இல்லை. ஆனால் ஒரு சங்கதி அவன் வாயை அடைத்துவிட்டது. செட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் டவர் கோடு காட்டும். சேந்தமங்கலத்து ஜீவாவுக்கு முழுசாக இருக்கும், மலையில் இருக்கிற இவர்களுக்கு ஒன்றோ இரண்டோ. அதனாலேயே பூபதியின் அடி எப்போதும் இழுத்துக்கொண்டுதான் வந்து சேரும். சின்னராசு பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. கோடே இல்லாதவனின் அடி, கொஞ்சம்கூடப் பிந்தாமல், அதே திண்ணக்கத்தோடு விழுந்துகொண்டிருந்தது. ஜீவா அதற்கு மேல் ஆராயவில்லை. ஆனால் விளையாட வராமலும் இருக்கவில்லை.

சுசித்ராவா கேள்வி கேட்பாள்? செத்துப்போன புருஷன் சாயங்காலமானால் வந்துவிடுகிறான் என்றால் எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள்? காலையிலிருந்தே பொழுது எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு பெருத்து, குனிந்து உட்கார முடியாமல் போனதும் மரத்தில் சாய்ந்துகொண்டு, போனை வயிற்றின் மேலேயே வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். பாவாயி வெற்றிலையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் நான்காவது மேளம் பேசும்போதெல்லாம் அவள் வாய் மெல்லுவதை நிறுத்திவிடும். மருமகளும் மாமியாரும் அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

குழந்தை உதைக்க ஆரம்பித்ததும் அந்த நேரத்தில்தான். முதலில் சுசித்ராவுக்குச் சிரிப்பாணி பொங்கியது. நான்காவது தடத்தில் பொட்டு விழுந்தால் உள்ளே ஒரு உதை. இரண்டு விழுந்தால் இரண்டு. "அப்பன் பேரைக் காப்பாத்தப் பிறந்திருக்குது" என்று வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

மற்ற நேரத்தில் அது அசையவில்லை என்பதை அவள் கவனிக்கப் பிந்திவிட்டது. கவனித்தவள், மாசாமாசம் வயிற்றைப் பார்க்க வருகிற நர்ஸம்மாதான். "பகல்ல அசைவு தெரியுதா கண்ணு?" என்று கேட்டபோது சுசித்ரா யோசித்தாள். தெரியவில்லை. காலையில் தெரியவில்லை, மத்தியானம் தெரியவில்லை. நர்ஸம்மா கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே நாமக்கல்லுக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னாள்.

மாமியாரும் மருமகளும் பஸ் ஏறிப் போனார்கள். ஸ்கேன் அறையில் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், புரண்டு படுக்கச் சொன்னார், இனிப்பைக் குடிக்கக் கொடுத்தார். குழந்தை இருந்த இடத்தில் இருந்தது. "துடிப்பு இருக்குது. ஆனா மெதுவா இருக்குது. கொஞ்ச நேரம் வெளிய இருங்க, மறுபடி பார்க்கலாம். அசைவு வரலைன்னா இங்கேயே தங்கிடணும்" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். போனை எடுத்து மேளக்கட்டைத் திறந்தாள். வெளியில் நல்ல வெயில். அந்த நேரத்தில் ஜீவாவும் இல்லை, பூபதியும் இல்லை.

'சின்னராசு உள்ளே வந்தார்.'

நான்காவது மேளம் விழுந்தது. குழந்தை துள்ளியது. பாட்டு முடிகிறவரைக்கும் அடிக்கு அடி துள்ளியது. முடிந்ததும், யாரோ கையை வைத்து அமுக்கின மாதிரி அடங்கிவிட்டது. அசைவு வந்ததைச் சொன்னதும் மறுபடி பார்த்த டாக்டரம்மா, துடிப்பு ஏறியிருப்பதைக் கண்டு முகம் தெளிந்து, "பரவாயில்லை, இப்போ நல்லா இருக்குது" என்று அனுப்பி வைத்தார். சுசித்ராவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. தன் வயிற்றில் இருக்கிற பிள்ளை தனக்காக அசையவில்லை, சோற்றுக்கும் தண்ணீருக்கும் அசையவில்லை. செத்தவன் அடித்தால் அசைகிறது, செத்தவன் நிறுத்தினால் நின்றுவிடுகிறது. ஒருநாள் அவன் அடியோடு நிறுத்திவிட்டால்?

திரும்பும் பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தாள். "அத்தை, உங்களுக்கு ஏதோ தெரியும். சொல்லுங்க."

பாவாயி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க மாமனாரு கோயில் மேளத்துல இருந்தவரு. மேளக்காரன் செத்தா குழியோரத்துலயே செட்டக் கலைச்சுருவாங்க. மிச்சமிருக்கறவங்க ஆளுக்கொரு அடி அடிப்பாங்க. அப்புறம் செத்தவன் கையப் புடிச்சு அவன் மேளத்துல ஒரு அடி. செட்டு கலைஞ்சுதுன்னு அவனே சொன்னாப்பல. மறாநா புதுசா செட்டுக் கட்டிக்குவாங்க. கலைக்காட்டி அவனுக்குப் போவத் தெரியாது, மேளம் அடிக்கற பக்கமெல்லாம் வந்து நிப்பான்."

"அவரு மேளக்காரர் இல்லீங்களே!"

"இல்லயா? நாலு பேரு சேந்து பொழுதுக்கும் தட்டுனீங்களே, அதென்ன கெழங்கா புடுங்குனீங்க? எனக்குத்தான் அன்னிக்குத் தோணல. போனத் தூக்கிக் குழிக்குள்ள போட்டனே ஒழிய, அதுதான் அவன் மேளம்னு புத்தியில ஏறல."

"பொறவாச்சும் தோணுச்சில்ல? ஏனுங்க சொல்லல?"

பாவாயி திரும்பி மருமகளைப் பார்த்தாள். "எப்புடிச் சொல்லுவேன்? எம் மவன் சாயங்காலமானா வாரானே! நீ மட்டுந்தான் அவனக் கேட்டியா?"

சுசித்ராவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியும் போயிற்று. திட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை? அவளும் அதே பாவத்தைத்தானே செய்துகொண்டிருந்தாள். மாமியாரின் கையைப் பிடித்தவள் மலை ஏறுகிறவரை விடவில்லை.

சுசித்ரா போன் போட்டு எல்லாவற்றையும் சொல்ல, மறுநாள் சாயங்காலம் ஜீவா பஸ் ஏறி மேலே வந்தான். பூபதி வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வீட்டுக்குப் பின்னால் மரத்தடியில் பாவாயியோடு சேர்த்து நான்கு பேரும் கூடினார்கள். மலைச்சரிவிலிருந்து பனிமூட்டம் எழும்பி மிளகுக்கொடிகளை மூட ஆரம்பித்திருந்தது. பாவாயி தவிர மூன்று பேரும் செட்டைத் திறந்தார்கள். சொல்லிவைத்தாற்போல் அவனும் வந்தான்.

'செட்டைக் கலை' என்ற இடத்தை ஜீவா தொட்டான். எல்லாரும் சம்மதித்தால்தான் கலைக்க முடியும் என்று விளையாட்டு சொன்னது. ஜீவா சம்மதம் தட்டினான். பூபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினான். சுசித்ராவின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. தட்டினால் இனிமேல் சாயங்காலம் இல்லை. தட்டாவிட்டால் பிள்ளை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நான்காவது பெயர் இருட்டாகவே இருந்தது.

காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாட்டும் இல்லாமல், பொட்டும் இறங்காமல், நான்காவது மேளம் தானாகப் பேச ஆரம்பித்தது. மூன்று போனிலும் ஒரே அடி. சுசித்ராவின் வயிற்றுக்குள் அதே அடி. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அவளுக்கு மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகமாக.

"போதும் சாமி, உட்டுரு!" என்று அலறிக்கொண்டு பாவாயி மருமகளின் போனைப் பிடுங்கினாள். மகனுடைய பெயரின் மேல் விரலை வைத்து வைத்துத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. "பெத்தவ சொல்றேன், போடா கண்ணு" என்று மறுபடியும் தட்டினாள். அதற்கும் எரியவில்லை.

சுசித்ரா அவளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "ஏனுங்க," என்றாள் திரையைப் பார்த்து. கல்யாணமான நாளிலிருந்து அவனைக் கூப்பிட்ட அதே மெதுவான குரல். "நீங்க இல்லாம எனக்குப் பொழுது போவாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு நீங்க அடிக்க வேண்டாம். இதை இதுபாட்டுக்கு இருக்க உடுங்க. உங்க கைய நான் எங்க போய்ப் புடிக்கறது? உங்க ரத்தம் இங்கதான் இருக்குது, அது அடிக்கட்டும்."

போனைக் கவிழ்த்து, சேலைக்கு மேலே வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

மேளம் நின்றது. வயிற்றுக்குள்ளும் நின்றது. பூபதி வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டான். பனி காலடி வரைக்கும் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து ஒரே ஒரு உதை. போன் அவள் கைக்குள் எகிறித் தணிந்தது. திருப்பிப் பார்த்தால் நான்காவது பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"துணிக்கு மேல டச் வேலை செய்யாதுக்கா," என்றான் ஜீவா.

'சின்னராசு வெளியேறினார். செட்டு கலைந்தது.'

பாவாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுசித்ரா அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். அசைவே இல்லை. முகம் தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது, அப்போதும் இல்லை. பூபதி, "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்க்கா, வண்டி நிக்குது" என்றான். அவள் சரியென்று தலையை ஆட்டி எழுந்திருக்கப் போனாள்.

அப்போது ஒரு இடி. விலாவுக்குப் பக்கத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். பழகின பழக்கத்தில் அவள் விரல்கள் அடுத்ததற்குக் கணக்குப் போட்டன. கணக்குப் போட்ட இடத்தில் ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் கழித்து ஒன்று வந்தது, உடனே மேலே விழுந்தடித்துக்கொண்டு இன்னும் இரண்டு, அப்புறம் ஒரு சோம்பல் முறிப்பு, அப்புறம் கோணல்மாணலாக ஒரு புரளல்.

"என்ன சாமி? என்ன பண்ணுது?" என்று பதறினாள் பாவாயி.

"உதைக்குதுங்க அத்தை," என்றாள் சுசித்ரா. "அடிக்கு அடி இல்லீங்க. தாளமே இல்லாம உதைக்குதுங்க." சொல்லிவிட்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள்.