ஆள் கூப்பிடும் தப்பு

விடிவதற்குள் நாற்றங்காலில் இறங்கிவிட வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் நாற்றை வேரோடு பற்றி இழுத்து, காலில் அடித்துச் சேற்றை உதறி, முடியாகக் கட்டிப் பின்னால் எறிய வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. கெண்டைக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டேன். நான் பிறந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் பொதுவாக இருந்தது அட்டை ஒன்றுதான்.

பிறந்தது இலங்கையில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்களைக் கப்பலேற்றி அனுப்பின. ஏறும்வரை எனக்குப் பெயர் கள்ளத்தோணி, இங்கே இறங்கியதும் சிலோன்காரி. என் புருஷன் இராஜாங்கத்தின் பாட்டனுக்கு இந்தக் குத்தாலம் பக்கம்தான் பூர்வீகம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி, கப்பல் இறங்கியதும் எங்களை வைத்திருந்த முகாமிலிருந்து இங்கே வந்தோம். அந்தப் பாட்டனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. மிராசுதார் துரைக்கண்ணுதான் தன் நிலத்தில் ஒரு குடிசை கொடுத்து வேலையும் கொடுத்தார். உள்ளூர்க்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்த வருடம் அது. எங்களை எதற்கு வைத்துக்கொண்டார் என்பது எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண் போய் முட்டி நிற்க ஒரு மேடு இல்லை. முதுகுக்குப் பின்னால் மலை இல்லாமல் தூக்கம் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாக இருந்தது. கம்பளியை விற்க மனமில்லாமல் தலைக்கு வைத்துப் படுத்தேன். பழகிவிடும் என்பார் இராஜாங்கம். பழகுவதற்கு நான் என்ன மாடா என்று எரிந்து விழுவேன்.

வந்த புதிதில் ஒரு விடியலில் தப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்தில் விடியலில் தப்படித்தால் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், பெரட்டு என்போம். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நானும், மண்வெட்டியோடு இராஜாங்கமும் சத்தம் வந்த திசைக்கு ஓடினோம். போய் நின்ற இடம் ஓர் இழவு வீடு. தப்படித்துக்கொண்டிருந்த ரெத்தினம் அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"பொணத்தக் கூடையில தூக்கிட்டுப் போகவா வந்திருக்க?" என்றாள் காளியம்மாள். நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. ஒப்பாரி வைத்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கூடைக்காரி என்று பெயர்.

குறுவைக்குப் பூச்சிமருந்து அடிக்க இராஜாங்கத்தை அனுப்பினார் துரைக்கண்ணு. முதுகில் கட்டும் அந்த டப்பா ஒழுகும் என்று யாரும் இராஜாங்கத்திடம் சொல்லவில்லை. வாயில் நுரையோடு வரப்பில் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் ஏற்றினோம். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பினார்கள். மறுநாள் ரெத்தினம் அண்ணன் தப்போடு வந்தார். இந்த முறை அதன் அர்த்தம் எனக்குத் தெரிந்திருந்தது.

சம்பா நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் துரைக்கண்ணு வரப்பில் வந்து நின்றார்.

"செவ்வந்தி, நாளைக்குக் குடிசையைக் காலி பண்ணிடு. புருஷன் பொண்டாட்டியா உழைக்கிறவங்களுக்குத்தான் அது."

"எங்கேங்க போறது?"

"உன் ஊருக்குப் போ."

"விட்டா இன்னைக்கே போவேங்க. உங்க மருந்து டப்பா அவரைக் கொன்னுச்சே, அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க."

"அவனுக்கு அடிக்கத் தெரியல. டீத்தூள் பறிக்கிறவன வயல்ல எறக்குனேன் பாரு."

குடியிருக்கும் மனை குடியிருப்பவர்க்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. அதற்குப் பிந்தி வந்த எங்களுக்கு அது செல்லாது. அது அவருக்கும் தெரியும். பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள். எப்போதும்போலத்தான் என்று நினைத்தேன்.

காளியம்மாள் கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் போட்டாள்.

"அந்த டப்பா ஒழுவுதுன்னுதான் எங்க ஆம்பளைங்க அதைத் தொடல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் விட்டாங்க. நீங்க இவ புருஷன்கிட்ட சொன்னீங்களா?"

"உனக்கென்னடி? இவ உங்க கூலியைக் கெடுக்க வந்தவ."

"வந்தவதான். அந்த ஆத்திரத்துல நாங்களும் அவருகிட்ட சொல்லாம விட்டுட்டோம். அந்தப் பாவம் எங்களோட. ஆனா இன்னைக்கு இவ குடிசைன்னா, நாளைக்கு எவ தாலி அறுத்தாலும் அவ குடிசைங்களா? நாத்து முத்திக்கிட்டிருக்கு. நீங்களே பறிச்சுக்குங்க."

அவள் கரையேறினாள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சேற்றுக் காலோடு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். மறுநாள் காலையில் ஆள் வந்து குடிசையைப் பிரிக்கும் என்று துரைக்கண்ணு கத்திவிட்டுப் போனார்.

இவர்கள் கடைசிவரை நிற்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கம்பளியையும் இரண்டு பாத்திரத்தையும் கூடையில் அடுக்கிவைத்துப் படுத்தேன்.

விடியலில் தப்புச் சத்தம். தூக்கக் கலக்கத்தில் பெரட்டு என்று எழுந்து கூடையைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் இது எந்த நாடு என்று உறைத்தது. படலைத் திறந்தால் என் வாசலிலேயே ரெத்தினம் அண்ணன் நின்று அடித்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே செத்தது?"

"யாரும் சாகல. உங்க ஊர்ல ஆளு கூப்பிடத்தானே இதை அடிப்பாங்க? கூப்பிடுறேன்."

தெருவே வந்திருந்தது. காளியம்மாள் என் கூடையை வாங்கிப் பாத்திரங்களை எடுத்து உள்ளே வைத்தாள். கூடையை வாசலில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"உன் ஊரு இதைவிட நல்லாருக்குமாடி?"

"ரொம்ப நல்லாருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும். வந்து பக்கத்துல நில்லு."

நின்றேன். எதையும் மறைக்காத அந்த வெட்டவெளியில், கடப்பாரைகளோடு துரைக்கண்ணுவின் ஆட்கள் வரப்பில் வருவது தூரத்திலேயே தெரிந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து, தப்புச் சத்தம் கேட்டு, தண்ணீரில் இறங்கி எங்களை நோக்கி வருகிறவர்களும் தெரிந்தார்கள். ரெத்தினம் அண்ணன் இன்னும் ஓங்கி அடித்தார்.