வளர்த்தவர்: பானு

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை பானுப்ரியா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் மேலாவது விழும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நடத்துநர் வந்து நின்றார். அவள் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி "விழுப்புரம் ஒண்ணு" என்றாள். சில்லறை இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கிருந்தோ சில்லறை கிடைத்துவிட்டது.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு வாரமாக ஊறிய கோபம். அண்ணன் அரிபிரசாத் அவளுடைய எகிறியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

எகிறி ஒரு ராட்சசக் குட்டி. குட்டிகளைப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடும் வீடியோ கேம் ஒன்று பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. அதைப் பத்து வயதில் ஆட ஆரம்பித்தவள் பானு. இப்போது இருபத்தாறு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொழுதுபோக்கு என்னம்மா" என்று கேட்டபோதும் ஒளிக்காமல் சொன்னாள். அவர்கள் அப்புறம் வரவில்லை. அதற்காக அவள் வருந்தவும் இல்லை. எகிறிக்காக மட்டும் மூன்று வருஷம், இருநூற்றுப் பதினோரு முட்டை பொரித்திருக்கிறாள். முட்டைக்கு முட்டை கால் பலம் பார்த்து, வேகம் பார்த்து, சரியில்லாததைக் கழித்து, கடைசியில் வந்தது எகிறி.

எகிறியின் ஆயுதம் ஓர் உதை. ஆளுயரத்துக்கு மேல் எகிறி, முழங்காலை மடக்கி, மேலிருந்து இறங்கும் உதை. பட்டால் எதிராளி மிச்சமில்லை. பட்டால்தான். தவறினாலோ, எதிராளி கேடயம் போட்டுத் தடுத்துவிட்டாலோ, உதைத்தவன் தரையில் மோதி விழுவான். அவன் உயிரில் பாதி அங்கேயே போய்விடும். லாபமும் அதில்தான், முதல் போவதும் அதில்தான். அதனால் பானு கண்டபடி உதைக்கவிட மாட்டாள். நாலு பக்கமும் பார்த்து, நிச்சயமானால்தான் பொத்தானைத் தொடுவாள். மூன்று வருஷத்தில் எகிறி ஒரு தடவைகூடத் தரையில் விழுந்ததில்லை.

பங்குனியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரத்து அதிகம். அப்பா தேவநாதனின் மண்டியில் எடை போடவும் சீட்டு எழுதவும் பானுதான். ஒரு மாசம் அவள் கேம் ஆடும் அந்தக் கையடக்க டப்பாவைத் தொடவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் லீவில் வந்தான். விழுப்புரத்தில் டைல்ஸ் கடையில் வேலை அவனுக்கு; ஒரு பெட்டி டைல்ஸ் கேட்டு வந்தவனிடம் பேசிப் பேசி குளியலறையையே இடிக்கவைத்து அனுப்பும் ஆள். அவள் மண்டியில் இருந்த மத்தியானத்தில், அவளுடைய டப்பாவையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்து, எகிறியைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டான். இந்தக் கேமில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்று வைத்தாக வேண்டும். அவன் வைத்துவிட்டுப் போனது மண்ணாங்கட்டி என்ற ஒரு சேற்று உருண்டை.

அவளுக்கு இது தெரியவந்தது போன வாரம், ஒரு வீடியோவில். விழுப்புரம் போட்டியில் அண்ணன் அரையிறுதி ஜெயித்துவிட்டு மைக்கில் பேசுகிறான்: "எண்பது முட்டை பொரிச்சு நானே வளத்தது இது." பொய் சொல்கிறவன் அதிலும் பாதி விலைக்கு மேல் சொல்லவில்லை! அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

விழுப்புரத்தில் போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக்கூடத்தில். முந்தின நாள் முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஆட்டம் பெரிதாகத் தெரிய ஏற்பாடு. நடத்துகிறவள் சித்ரா, ஸ்டேஷன் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அண்ணன் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பானு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? அப்பாவுக்கு எதுனா..."

"அப்பா நல்லாத்தான் கீறாரு. எகிறி எங்க?"

"எந்த எகிறி?"

"உன் டப்பாவுல கீதே, அது."

அண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். பதில் யோசிக்கும்போதெல்லாம் எதையாவது உறிஞ்சுவான். "ஓ, அதுவா. சும்மா தூசி படிஞ்சு கெடந்துச்சு. நீதான் ஒரு மாசமா தொடலியே."

"மண்டியில மூட்டை ஒரு மாசம் கெடந்தா, வழியில போறவன் தூக்கிக்கினு போலாமா?"

"தூக்கலியே. பதிலுக்கு ஒண்ணு வெச்சேன்ல?"

"மண்ணாங்கட்டி."

"மண்ணாங்கட்டின்னாலும் சரக்கு சரக்குதாம்மா."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். பானுவுக்குக் காது சூடானது.

"சரி, கத்தாத. ரெண்டு தர்றேன்" என்றான் அண்ணன், குரலைத் தணித்து. "நெருப்பு நாய் ஒண்ணு, பறக்குற மீனு ஒண்ணு."

"எகிறி."

"மூணு தர்றேன்."

"எகிறி."

"அட, பேஜாரு பண்ணாத பானு. இன்னிக்கு பைனல் முடியட்டும். அப்பறம் உக்காந்து பேசலாம்."

அப்பறம் பேசலாம் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு கைமாறியபின் பேசுகிற பேச்சு வெறும் காற்று.

"சித்ராக்கா!" என்று கூப்பிட்டாள். கூடமே திரும்பியது. "இந்தக் கேமுல வளத்தவர் பேரு அழியுமாக்கா?"

"அழியாதே. எத்தினி கை மாறினாலும் மொத மொதல்ல வளத்தவங்க பேரு அப்பிடியே நிக்கும்."

"எகிறியில இன்னா பேரு நிக்குதுன்னு பாருங்கக்கா."

சித்ரா அண்ணனின் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். "வளர்த்தவர்: பானு." அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்பா அரி, போன வாரம் கேட்டதுக்கு அது உன் செல்லப் பேருன்னியே?"

கூடம் சிரித்தது. அண்ணன் முகம் கறுத்தது. அவனுக்குத் திருட்டு கண்டுபிடிக்கப்பட்டது பெரிதில்லை. வாடிக்கையாளர் முன்னால் மானம் போனதுதான்.

"சரி. ஆடிப் பாத்துடலாம்" என்றான் எழுந்து. "ஒத்தைக்கு ஒத்தை, இங்கியே, சொவுத்துல. நீ ஜெயிச்சா எகிறிய எடுத்துக்கோ. நான் ஜெயிச்சா, இனிமே எகிறின்னு வாயத் தொறக்கக் கூடாது. அப்பா கிட்டயும்."

"நான் ஜெயிச்சா மைக்குல சொல்லணும், யாரு வளத்ததுன்னு."

"அதெல்லாம் எதுக்கு?"

"அப்பன்னா வேணாம். இப்பவே நான் சொல்றேன் மைக்குல."

"சரி, சரி, சொல்றேன். எத வெச்சு ஆடப்போற நீ?"

"நீ குடுத்த சரக்க வெச்சுத்தான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். பானு சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அவள் கோபத்தில் செய்த ஒரே உருப்படியான காரியம், அந்த மண்ணாங்கட்டியைப் புரட்டிப் பார்த்தது. மண்டியில் மூட்டை வந்தால் குத்தூசியைச் செருகி நாலு மல்லாட்டை உருவிப் பார்க்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். அண்ணன் அந்தக் குட்டியைக் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அதற்குக் கண்ணில் மண் வீசத் தெரியும். வீச வீச எதிராளியின் குறி தவறும். கேடயம் போடவும் தெரியும். ஒரு தடவை போட்டால் நிச்சயம் தடுக்கும். அடுத்ததாகவே மறுபடி போட்டால் மூன்றில் இரண்டு தடவை உடைந்துவிடும். ஆக, உதை எப்போது வரும் என்று தெரிந்தால் போதும்.

அது அவளுக்குத் தெரியும். அண்ணன் எட்டாவது படிக்கும்போதிலிருந்து மண்டியில் ஏலம் கூவியவன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்; மூணுக்கு அவன் உள்ளங்கை மேசையில் விழும், சரக்கு முடியும். பத்து வருஷம் கூவிக் கூவி அது அவன் உடம்பில் ஏறிவிட்டது. ரோடு தாண்டும்போதும் எண்ணுவான், ஊசி போட்டுக்கொள்ளும்போதும் எண்ணுவான். உதடு அசைவது அவனுக்கே தெரியாது.

ஆட்டம் ஆரம்பித்தது. சுவரில் எகிறி வந்து நின்றது. நீண்ட கால், சிவந்த முழங்கால். பானு அதை ஒரு மாசம் கழித்துப் பார்க்கிறாள், அதுவும் எதிர்ப்பக்கத்தில்.

முதல் முறை அண்ணன் எகிறியைத் தோள்தட்டிப் பலம் ஏற்றிக்கொள்ள வைத்தான். அவன் உதடு அசைந்தது. மண்ணாங்கட்டி ஒரு பிடி மண்ணை வீசியது. இரண்டாவது முறையும் அவன் பலம் ஏற்றினான். உதடு அசைந்தது. மறுபடி மண். எகிறி கண்ணைக் கசக்கியது. கூடத்தில், "மண்ணள்ளிப் போட்டுக்கினே இருந்தா எப்பிடிம்மா? ஜல்தியா அடிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மூன்றாவது முறை அண்ணனின் கட்டைவிரல் பொத்தான்மேல் விழுந்தது, உள்ளங்கை மேசையில் விழுகிற அதே வேகத்தில். பானு கேடயத்தை அழுத்தினாள்.

எகிறி எகிறியது. அவள் வளர்த்த உதை, அவள் சொல்லிக்கொடுத்த உயரம். கேடயத்தில் மோதிச் சறுக்கி, தரையில் முழங்கால் படப் போய் விழுந்தது. உயிர்க்கோடு சரசரவென்று இறங்கிப் பாதியில் நின்றது. கூடம் ஓவென்று கத்தியது.

பானு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவன் கையில் விழவா இருநூற்றுப் பதினோரு முட்டை?

"கேடயம் இருக்குதா அதுக்கு?" என்றான் அண்ணன். குரல் மாறியிருந்தது.

"பாத்துட்டுக் குடுத்திருக்கணும்."

இப்போது அவன் யோசித்தான். அதுதான் ஆபத்து. யோசித்தால் உதைக்க மாட்டான். சின்னக் குத்து ரெண்டு விட்டாலே, ஏற்றிய பலத்துக்கு மண்ணாங்கட்டி உடைந்துவிடும். கேடயத்தை உடனே மறுபடி நம்ப முடியாது. அவன் உதைத்தாக வேண்டும். அந்த உதை மண் விழுந்த கண்ணோடு போக வேண்டும். தவறுமா தவறாதா என்பது பாதிக்குப் பாதி. பட்டால் மண்ணாங்கட்டி தூள், எகிறியும் போய்விடும், வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

அண்ணனின் விரல் சின்னக் குத்தின் பக்கம் நகர்ந்தது. பானு எழுந்து நின்றாள்.

"ஒரு தரம்!" என்றாள், மண்டிக் குரலில்.

அண்ணன் நிமிர்ந்தான். "ஏய், இன்னா பண்ற நீ?"

"இருபத்தொம்போது வயசு ஆம்பள, தங்கச்சி டப்பாவுல கைய வெச்சவன், இப்ப சேத்து உருண்டைக்குப் பயந்துக்கினு உக்காந்துக்கினு கீறான். ரெண்டு தரம்!"

கூடம் சேர்ந்துகொண்டது. யாருக்குத் தெரியாது அந்த ராகம்? நாற்பது வாய் ஒன்றாக இழுத்தது: "மூணூ..."

விரல் நகர்ந்துவிட்டது. அவன் நகர்த்தவில்லை, அது தானாக நகர்ந்தது. "தரம்" என்று கூடம் முடிக்கும்போது உதைப் பொத்தான் உள்ளே போயிருந்தது. அண்ணன் தன் கட்டைவிரலையே முறைத்துப் பார்த்தான்.

எகிறி மறுபடி எகிறியது. மண்ணாங்கட்டியின் வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி இறங்கியது. வெறும் தரை. விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

சத்தத்தில் மண்டபக் கண்ணாடிகள் அதிர்ந்தன. பானுவின் முதுகில் யார் யாரோ தட்டினார்கள். அவள் சுவரையே பார்த்தாள். அங்கே ஆள் உயரத்துக்கு எகிறி படுத்துக் கிடந்தது. மூன்று வருஷமாக விழாததை ஒரே மத்தியானத்தில் ரெண்டு தடவை விழவைத்தாயிற்று. ஒன்று அவன் கணக்கு. இன்னொன்று இவள் கணக்கு. அதை நினைத்ததும் அண்ணன் மேல் இருந்த கோபம் குறைவதற்குப் பதில் இரட்டிப்பானது.

"மைக்கு" என்றாள்.

அண்ணன் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினான். "இந்த எகிறிய நாங்க ரெண்டு பேருமா..."

"ண்ணா."

"பெரும்பாலும் பானுதான்..."

"ண்ணா!"

"பானு வளத்தது. நான் கேக்காம எடுத்தேன்." மைக்கைச் சித்ராவிடம் திணித்தான். "போதுமா?"

"எத்தினி முட்டைன்னு சொல்லல."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதாங்க விஷயம்" என்றாள் பானு, கூடத்தைப் பார்த்து.

மாற்றிக்கொள்ள உட்கார்ந்தார்கள். எகிறி வரவேண்டுமானால் பதிலுக்கு ஒன்று அவள் வைக்க வேண்டும். அண்ணன் இயல்பாகக் கையை நீட்டினான். "மண்ணாங்கட்டியக் குடு."

"அது குடுக்கிறதுக்கில்ல."

"இப்பத்தான அத மண்ணுன்னு சொன்ன?"

"நீதான் சரக்குன்ன."

அவன் கை டீ டம்ளரைத் தேடியது. உறிஞ்ச டீ இல்லை. பானு அங்கேயே கேமில் முதல் புல்வெளிக்குப் போய், எதிரே வந்த முதல் புழுவைப் பிடித்து, அவன் பக்கம் அனுப்பினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் இறுதி ஆட்டத்துக்குப் போனான். அவள் பார்க்க நிற்கவில்லை.

பஸ் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோது அப்பாவுக்குப் போன் போட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை தோற்றால்தானே.

"அப்பா, உங்க புள்ள இன்னா பண்ணான் தெரியுமா?" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் சொன்னாள். டப்பாவை எடுத்தது, மாற்றியது, மைக்கில் புளுகியது, மண்ணாங்கட்டியில் கேடயம் இருந்தது அவனுக்கே தெரியாதது, எல்லாம். மறுமுனையில் அப்பாவின் மூச்சு பலமாக வந்தது.  அவருக்கும் கோபம் வந்துவிட்டது என்று பானுவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"ஏம்மா" என்றார் கடைசியில், குரல் நடுங்க. "உள்ள இன்னா கீதுன்னு குத்திப் பாக்காமயா குடுத்தான்? என் புள்ளயா அவன்?"

"அப்பா, அவன் திருடினாம்ப்பா!"

"அது கெடக்குதும்மா. பாக்காமயா குடுத்தான்?"

பானு போனை வைத்துவிட்டாள்.  மடியில் டப்பா திறந்திருந்தது. எகிறி முழு உயிரோடு நின்றிருந்தது, பக்கத்தில் மண்ணாங்கட்டி. நடத்துநர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமலே நகர்ந்து போனார். அவளே கூப்பிட்டு, சரியான சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.