நாலாவது பேரிங்

தசரதன் முப்பது வருடம் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருந்தால் அது தெரிந்துகொள்ளத் தேவையில்லாதது என்பது அவர் கட்சி. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த கையோடு, கீழ்பென்னாத்தூரில் மாட்டுக் கொட்டகைக்குள் பதினெட்டு வருடம் கிடந்த அப்பா காலத்து மோரிஸ் மைனரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார். போளூர் ரோட்டில் இருந்த பரசுராமன் ஷெட்டில் அதை விட்டார். அது தொண்ணூற்றேழாம் வருடம், தை மாதம்.

பரசுராமனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்தைந்து வருடமாக இன்ஜின் பிரிப்பவர். படித்தவர்கள் என்றாலே அவருக்கு இளக்காரம். படித்தவன் கையில் ஸ்பானரைக் கொடுத்தால் அதற்கும் ஒரு முன்னுரை எழுதுவான் என்பார்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்பும் துருவும். இன்ஜினின் வெளிக்கூடான பிளாக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் மட்டும் பிழைத்திருந்தன. தேய்ந்திருந்த கிராங்கை வேலூருக்கு அனுப்பி, இருபது நம்பர் பேரிங் உட்காரும் அளவுக்குக் கடைந்து மெலியவைத்து வாங்கினார் பரசுராமன். மற்ற சாமான்களை மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஆளிடம் சொல்லி வரவழைக்கிறேன் என்றார்.

"நீ கமிஷன் அடிக்கிறதுக்கா? நானே போய் வாங்கிட்டு வரேன்" என்றார் தசரதன்.

போனார். நாலு நாள் கழித்து, ஏதோ தீர்த்தம் கொண்டுவந்தவர் மாதிரி ஒரு தகரப் பெட்டியை மேஜையில் வைத்தார். பரசுராமன் பிஸ்டன்களை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைத் தராசுக்குப் போனார். மூன்று பிஸ்டன் ஒரே எடை. நாலாவதுக்கு எதிர்த்தட்டில் ஒரு எலுமிச்சம்பழம் சேர்த்து வைத்தால்தான் முள் நேராக நின்றது.

"சார், இது வேற வண்டி பிஸ்டன். எடை ஜாஸ்தி."

"பெட்டி ஒரே கம்பெனிதானே?"

"பெட்டியா சார் உள்ள ஓடப் போவுது?"

தசரதன் முகம் சிவந்தது. பரசுராமன் விடவில்லை. கிராங்கின் மேல் உட்காரும் அரைவட்டத் தகடுகளான பேரிங்குகளைத் திருப்பிக் காட்டினார். மூன்று ஜோடியின் முதுகில் இருபது என்று அடித்திருந்தது. நாலாவது ஜோடியில் பத்து.

"பிஸ்டன் எடையக்கூட ராவிக் கொறச்சிடலாம். இதப் போட்டா லூசா நிக்கும் சார். தட்டும். இன்னொரு ஜோடி இருபது வாங்கிட்டு வந்துடுங்க, ரெண்டு நாள் வேலதான்."

"பத்துக்கும் இருபதுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமாய்யா? ரெண்டு தலைமுடி கனம். அதுல ஆயில் போய் நின்னுக்கும். நீ எத்தனாவது படிச்ச?"

ஷெட்டில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பரசுராமன் படித்தது எட்டாவது என்று எல்லோருக்கும் தெரியும்.

"போட்டுர்றேன் சார்" என்றார். தசரதனுக்கு அது தன் வெற்றியாகத் தெரிந்தது. பரசுராமனோ அன்று மத்தியானம் நாலாவது பேரிங்கை உட்காரவைத்து போல்ட்டை முடுக்கும்போது சிரித்துக்கொண்டே முடுக்கினார். போ ராசா, போய் நடுரோட்டில் நில்லு, அப்புறம் வந்து கேளு எத்தனாவது என்று.

மாசி மாதத்தில் வண்டி கிளம்பியது. வெள்ளோட்டத்துக்குப் பரசுராமனும் கூட வரவேண்டும் என்றார் தசரதன். காலை ஏழு மணிக்கு வண்டி வேங்கிக்கால் வீட்டு வாசலில் நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் நாலு வருடமாக அவரால் சேர்ந்தாற்போல் நூறு அடி நடக்க முடியாது. பட்டுப்புடவை, கையில் தேங்காய் பழத் தட்டு.

"மலை சுத்தி சாமி கும்பிட்டு நாலு வருஷம் ஆச்சு மேஸ்திரி. அப்பா வண்டிய ரெடி பண்ணி அதுலதான் கூட்டிட்டுப் போவேன்னு இவரு ஒத்தக் கால்ல நின்னாரு. உங்க புண்ணியத்துல இன்னைக்குப் போறேன்" என்றார்.

பரசுராமன் பின்கதவைத் திறந்து அவரை ஏற்றிவிட்டார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

செங்கம் ரோட்டிலேயே தட்டல் ஆரம்பித்துவிட்டது. உரலில் யாரோ மெதுவாகக் குத்துவது மாதிரி. பரசுராமனுக்கு அது எந்த சிலிண்டர் என்றுகூடத் தெரியும். நிறுத்துங்க என்ற ஒரு வார்த்தை போதும், பிளாக் பிழைத்துவிடும். தசரதனே என்ன சத்தம் என்று கேட்கட்டும் எனக் காத்திருந்தார். தசரதன் கேட்கவில்லை.

"பழைய இன்ஜின்னா ஒரு கம்பீரமான சத்தம் இருக்கும்" என்று மனைவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மலைப்பாதையில் திரும்பி அடி அண்ணாமலை ஊருக்குள் நுழையும்போது பட்டென்று ஒரு சத்தம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோடெல்லாம் ஆயில். புகை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து வட்டம் கட்டினார்கள்.

தசரதன் இறங்கியதும் முதல் வார்த்தையே, "ஒழுங்கா முடுக்கத் தெரியலையாய்யா உனக்கு?" என்பதுதான்.

இதற்காகத்தானே பரசுராமன் ஒரு மாதம் காத்திருந்தார். "முடுக்கறதுக்கு இன்னா சார் இருக்குது? அன்னிக்கே சொன்னேன், அந்த பேரிங் லூசு, தட்டும்னு. ரெண்டு முடி கனம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்போ பாருங்க அந்த ரெண்டு முடிய!"

கூட்டம் சிரித்தது. தசரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தங்கம்மாள் கதவைத் திறந்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினார். பரசுராமனைப் பார்த்துக் கேட்டார்.

"இப்படி ஆவும்னு தெரிஞ்சா போட்டீங்க?"

"சார்தாம்மா கேக்கல..."

"அவரு கேக்க மாட்டாரு. அத நான் கல்யாணம் ஆன நாளா பாக்கறேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, தெரியலைங்கறதும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே என்னை ஏத்திக்கிட்டு முன்னால உக்காந்து வந்தீங்க." தட்டை மற்றொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டு பேர்ல அவரு எவ்வளவோ தேவல."

பின்னால் வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். தசரதன் ஏறப்போனார். "நீங்க வண்டியப் பாத்துக்குங்க" என்றார் தங்கம்மாள். ஆட்டோ மலையைச் சுற்றிப் போய்விட்டது.

டிராக்டர் கிடைக்கும்வரை இரண்டு பேரும் வெயிலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

பிளாக்குக்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை. ஆடி மாதம் தசரதன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். பரசுராமன் ஷெட்டில் அந்தக் கதை நன்றாக ஓடியது. தராசில் எலுமிச்சம்பழம் வைத்தது, ரெண்டு முடி, கம்பீரமான சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். டீ குடிக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கதை கூட்டத்தின் சிரிப்போடு முடிந்துவிடும்.

ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது மச்சானிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஜோதியம்மாள் கரண்டியை நிறுத்தினாள்.

"வண்டியில அந்தம்மாவும் இருந்தாங்களே, அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

"அவங்களா?" பரசுராமன் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். "அவங்க இன்னா சொல்லப் போறாங்க. ஒண்ணும் சொல்லல."