நார்மல் ரிப்போர்ட்டுக்கு ஓர் அசனம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு ரத்தப் பரிசோதனையில். ஜெப்ஸிக்கு இரண்டு வருடமாகத் தீராத அசதி; தலைக்குக் குளித்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. துறைமுகத்து ஷிப்பிங் ஆபீஸ் வேலையும் போயிற்று. டாக்டர்கள் வியாதிக்குப் பெயர் வைத்தார்கள், காரணம் அவர்களுக்கே தெரியவில்லை. அம்மா ஜெயபாய் அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாள்: ரிப்போர்ட் நார்மலாக வந்தால் ஊரையே பந்தியில் உட்கார வைத்து அசனச் சோறு.

வந்துவிட்டது. (இந்த வியாதிக்கு ரிப்போர்ட் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். அந்தோணியாரிடம் இதை யாரும் சொல்லவில்லை.)

2

எழுதுகிறவன் அவள் தம்பி பெவின். தொடக்கத்தை அவளிடமே வாசித்துக் காட்டினான்.

'முத்துக்குளிக்கிறவன் மூச்சடக்கி ஆழத்தில் கிடப்பதுபோல் ஜெப்ஸி...'

"ஏலே, எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த வரிய அடி."

'நங்கூரமிட்ட கப்பலாக...'

"அதையும் அடி. கட்டில்ல கெடக்கான்னு எழுது."

கட்டிலில் கிடக்கிறாள். (இலக்கியத் தரம் குறைந்ததற்குக் கதாபாத்திரமே பொறுப்பு.)

3

அம்மா உள்ளே வந்தாள். "ஏளா, நாளைக்கு மொத அகப்பைச் சோறு நீதான் போடணும். சொகமானவ கையால போட்டாத்தான் நேர்ச்சை."

"எனக்குச் சொகமாகலம்மா."

"ரிப்போர்ட்டே சொல்லுது. நீ என்ன டாக்டருக்கு மேலயா?"

ஜெப்ஸியால் ஒருநாள் நின்றுவிட முடியும். ஆபத்தே அதுதான். ஊர் பார்த்துவிடும். பிறகு வாரக்கணக்கில் எழ முடியாமல் கிடந்தால் அதற்குப் பெயர் சோம்பல். அம்மா அவளை இனி நம்பவே மாட்டாள்.

4

பெவின் அன்று மாலையே முடிவை எழுதிப் பார்த்தான்.

முடிவு அ: அகப்பையை வாங்கினாள். ஊரே கைதட்டியது. பிறகு... [அடித்தது ஜெப்ஸி.]

முடிவு ஆ: சோறு போடும்போதே மயங்கி விழுந்தாள். அம்மா கதறியபடி...

"விழுந்தாத்தான் நம்புவாவளோ? அடிலே."

மறுநாள் நடந்தது வேறு. சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள் ஜெப்ஸி. அம்மா நீட்டிய அகப்பையை வாங்கவில்லை. பந்தியைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு இன்னும் சொகமாகல. சொகமாகட்டும்னு போடுத சோறுன்னு நெனச்சுக்கிடுங்க. ஆறிப்போவும், வாங்கிச் சாப்பிடுங்க."

நீட்டிய அகப்பையோடு ஜெயபாய் மகளைப் பார்த்து

5

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. பெவினிடம் பொருத்தமான வினைச்சொல் கைவசம் இல்லை. மிச்சம் உங்கள் பாடு. ஜெயபாயைத் திட்ட வையுங்கள், அழ வையுங்கள், அவளே சோறு போடட்டும் என்றாலும் சரி.

ஜெப்ஸியை மட்டும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடாதீர்கள்.