கடைசி பெஞ்சு முதலில்

சத்தியநாதனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தாம்பரம் யார்டில் கலாசியாக இருந்த காலத்திலேயே, லைன் கிளியர் என்று எவன் சொன்னாலும் தானே எட்டிப் பார்த்த பிறகுதான் தண்டவாளத்தில் கால் வைப்பார். படிப்பு அரைகுறை. அதனாலேயே அச்சில் வருவதன் மேல் அவருக்குக் கூடுதல் சந்தேகம். ஏரிக்கரை லுத்தரன் சபையின் அறுபதாம் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது என்று காதில் விழுந்ததும், மருமகள் ஜெரூஷாவை உட்கார வைத்து சபை வரலாற்றை வாசிக்கச் சொன்னார்.

அவள் போனில் வந்திருந்ததை வாசித்தாள். பெருங்களத்தூர்ப் பக்கம் குடும்பங்கள் பெருகினவாம். தாய்ச்சபை தூரமாக இருந்ததால் புதுச் சபை தேவைப்பட்டதாம். கூடவே ஒரு வரி: "ஓலைக் கொட்டகையில் இடவசதி குறைவாக இருந்தபடியால், வாசலை ஒட்டிக் கடைசியில் அமர்ந்தோர் முதலில் இராப்போஜனம் பெற்று வெளியேறினர். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது."

"திரும்பப் படி."

படித்தாள்.

"யார் எழுதுனது?"

"ஜோனத்தான் அங்கிள், மாமா."

"அவனுக்கு இன்னா தெரியும்? பேங்க்ல ரிட்டயர் ஆயி நேத்து சிட்லபாக்கத்துல வூடு கட்டிகினு வந்தவன்."

இராப்போஜனத்தின் அப்பமும் திராட்சரசமும் வாங்க, எந்தக் கோவிலிலும் முதல் பெஞ்சுக்காரர்கள்தான் முதலில் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். ஏரிக்கரைக் கோவிலில் கடைசி பெஞ்சு எழும். அது போய் வந்த பிறகு அதற்கு முந்தினது. முதல் பெஞ்சு கடைசியில். புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். "லேட்டா வர்றவனுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ்டா மச்சான்" என்று வாலிபர்கள் கிண்டலடிப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் பாதிப் பேருக்கு பதில் தெரியாது.

சத்தியநாதனுக்குத் தெரியும். ரயிலடிக்கு அந்தப் பக்கத்துத் தாய்ச்சபையான பெரிய சபையில், சேரியிலிருந்து போன குடும்பங்களுக்கு இடம் பின்னால் விரித்த பாய்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகுதான் அவர்களுக்குக் கிண்ணம் வரும். ஓர் ஈஸ்டர் அன்று, பாய்க்கு வருவதற்குள் திராட்சரசம் தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அங்கிருந்த பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொல்லப் போய்விட்டார். சத்தியநாதனின் அப்பா யோபு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பாயில் இருந்த அத்தனை குடும்பமும் பின்னால் எழுந்து போனது. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தியநாதனும் நடந்தார். ஏரிக்கரையில் கொட்டகை போட்டு, முதல் இராப்போஜனம் நடந்த அன்றைக்கே யோபு சொல்லிவிட்டார்: இங்கே கடைசியில் இருக்கிறவன் முதலில்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சத்தியநாதன் கமிட்டி அறைக்குள் நுழைந்தார். செயலாளர் ஜோனத்தான் இருந்தார். மின்விசிறிக்குக் கீழே சபைப் போதகர் எபி ஐயர், அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இடவசதி இல்லன்னு எழுதிக்கிறியே, உங்கிட்ட யார் சொன்னது?"

"அண்ணா, உட்காருங்க."

"உக்கார வரல. நடந்தத எழுது."

ஜோனத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு விஷயம் தெரியாம இல்லண்ணா. விழாவுக்கு அந்தப் பெரிய சபையிலேருந்து ஞானாபரணம் சார் வர்றார். சீஃப் கெஸ்ட். வீட்டுக்குக் கூப்பிட்டு மூஞ்சியில அடிக்கிற மாதிரி இதைப் படிக்கணுமா? எல்லாம் முடிஞ்சுபோன கதை."

"முடிஞ்சுபோச்சுன்னா எதுக்கு மறைக்கிற?"

ஜோனத்தான் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வேறொன்றைச் சொன்னார். "இன்னொன்னு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் முன் பெஞ்சுலேருந்து ஆரம்பிச்சுக்கலாம்னு கமிட்டியில முடிவு. கெஸ்ட்டைக் காக்க வைக்கிறது நல்லா இருக்காது."

சத்தியநாதன் ஐயரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் ஒத்துக்கினீங்களா, ஐயரே?"

"பார்க்கலாம், ஐயா."

"பார்க்கலாம்னா இன்னா அர்த்தம்னு புரியுது."

முதுகெலும்பில்லாத ஆள் என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டு வெளியே வந்தார். அறுபது வருஷமாக நின்ற வழக்கத்தை ஒரு விருந்தாளிக்காக மடக்கி வைக்கப் போகிறார்கள். ஒரு நாள் மடக்கினது மறுநாள் நிமிராது; அவர் பார்க்காத கமிட்டியா?

விழாவன்று போகவே கூடாது என்றுதான் இருந்தார். பிறகு, நாம் போகாவிட்டால் அவர்களுக்கு வசதியாகிவிடும் என்று தோன்றியது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலிலேயே பெண்கள் சங்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். சபையில் மூத்தவர் என்று பொன்னாடை போர்த்தி, கைத்தாங்கலாகக் கொண்டுபோய், முதல் பெஞ்சில் ஞானாபரணத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு அந்த இடம் முள்ளாகக் குத்தியது. பக்கத்து ஆள் வெள்ளை முடியும் மணக்கும் சட்டையுமாக, "நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"கீறேன்."

இராப்போஜனத்துக்கு முன்னால் ஜோனத்தான் மைக் முன் நின்று வரலாற்றை வாசித்தார். தூரம் வந்தது. கொட்டகை வந்தது. "இடவசதி குறைவாக இருந்தபடியால்" என்று அவர் தொடங்கியபோது சத்தியநாதன் எழுந்துவிட்டார்.

"நிறுத்துப்பா. அது பொய்."

ஜோனத்தான் ஐயரைப் பார்த்தார். ஐயர் தரையைப் பார்த்தார்.

சத்தியநாதனுக்குப் பிரசங்கம் வராது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றார். "எடம் பத்தாம இல்ல. கொட்டாயி பெருசுதான். பெரிய சபையில எங்களப் பாயில குந்த வெச்சு, கடைசியாக் குடுத்தாங்க. ஒரு ஈஸ்டருக்கு எங்க வரைக்கும் வர்ல. எங்கப்பா எந்திரிச்சு வந்துட்டாரு. யாரு காலுலயும் வுழல, சண்டையும் போடல. வந்து இதக் கட்னாரு. கடைசில கீறவன் மொதல்லன்னு அவர்தான் வெச்சாரு. அவ்ளோதான். இப்ப நீங்க இன்னா வோணா பண்ணிக்கோங்க."

உட்கார்ந்தார். பக்கத்தில் ஞானாபரணம் கல்லாக உட்கார்ந்திருந்தார். முன் பெஞ்சை எழுப்புவதற்காக நின்றிருந்த இளைஞன் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தான்.

எபி ஐயர் பீடத்திலிருந்து இறங்கினார். முதல் பெஞ்சைத் தாண்டினார். நடுவழியே கோவிலின் மறுகோடி வரைக்கும் நடந்துபோய், கடைசி பெஞ்சுக்கு முன் நின்று, வாருங்கள் என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்தது புது அபார்ட்மெண்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பம். ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் மாட்டி, பாதி ஆராதனையில் வந்தவர்கள். கணவன் மறைமலை நகர் கம்பெனிச் சட்டையோடு இருந்தான். நாங்களா என்பதுபோல் அவன் நெஞ்சில் கை வைத்தான். ஐயர் தலையாட்டினார். அவர்கள் எழுந்து, இருநூறு பேர் பார்க்க, நடு வழியில் நடந்து வந்தார்கள். அந்தப் பெண் சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே வந்தாள்.

முன்னால் இருந்த ஒருவரும் அசையவில்லை. ஜோனத்தான் மைக்கை அணைத்துவிட்டு, கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஐயர் மேல் குத்திய முத்திரையை சத்தியநாதன் அழித்துவிடவில்லை. ஆனால் இந்த ஒரு காரியம் சரி என்று ஒப்புக்கொண்டார். கடைசிக்கு முந்தின பெஞ்சு எழுந்தது. அதற்கு முந்தினது எழுந்தது. யோபுவோடு நடந்து வந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஊர் பேர் தெரியாத புதுமுகங்களும் வந்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை.

ஞானாபரணம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மெல்லக் குனிந்து, "நம்ம முறை வர ரொம்ப நேரம் ஆகும் போலிருக்கே" என்றார்.

"ஆவும்," என்றார் சத்தியநாதன். "எங்கப்பா உங்க கோயில்ல இருவது வருசம் குந்திகினு இருந்தாரு. நீங்க ஒரு அரமணி இருங்க."

ஞானாபரணம் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். சத்தியநாதன் முதுகை நிமிர்த்தி, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சபை வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு அவசரமும் இல்லை.